சவுக்காரமும் சவ்சவ்வும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் வழக்கமாகக் கதை, கவிதை, சினிமா என்றுதான் பேச்சு போகும். இந்த மாதம் மண்ணைப் பற்றிப் பேசினோம். சவுக்காரம் மாதிரியான ஒரு பொருளை மண்ணில் கலந்தால், அந்த மண்ணில் கிடக்கும் நஞ்சை மரக்கறிப் பயிர் உறிஞ்சுவது குறையும் என்று ஆய்வுகள் சொல்வதை எங்களில் ஒருத்தி வாசித்துவிட்டு வந்து சொன்னாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அப்படின்னா பீலிக்குக் கீழ இருக்கிற எங்க பாத்திதான் ஊவாவிலயே சுத்தமான பாத்தி. நாலு லயத்துச் சவுக்காரத் தண்ணியும் அங்கதானே போகுது" என்றான் இன்னொருவன்.

சிரித்து முடிந்த பிறகு ஒரு கேள்வி மட்டும் போகாமல் நின்றது. நம்ம பாத்தி மண்ணில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? அங்கிருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதமாக வாசித்ததையும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதையும் சேர்த்து எழுதியதுதான் இது.

நாங்கள் பதுளையைச் சுற்றியிருக்கும் பசறை, ஹாலிஎல, தெமோதரை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். லயத்துக்குப் பின்னால், இல்லாவிட்டால் கான் ஓரத்தில், இல்லாவிட்டால் தேயிலை பிடுங்கிய ஒரு மூலையில் எல்லா வீட்டுக்கும் ஒரு துண்டு நிலம் இருக்கும். சவ்சவ் பந்தல், பூசணிக் கொடி, போஞ்சி, கோவா, நோக்கோல், ஓரத்தில் கொஞ்சம் வல்லாரை. பேர்நாள் குறைந்த மாதங்களில் அந்தத் துண்டுதான் கறிக்கு வழி. 2022இல் அரிசியும் பருப்பும் கைக்கெட்டாமல் போனபோது, அதுவரை சும்மா கிடந்த மூலைகளைக்கூட எங்கள் அம்மாக்கள் கொத்திப் போட்டார்கள். "வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்" என்று அப்போது எல்லாரும் அறிவுரை சொன்னார்கள். எந்த மண்ணில் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மண் வெறும் காட்டு மண் இல்லை. நூறு வருசத்துக்கு மேலாக ஒரே பயிர் நின்ற மண். அந்தப் பயிரைக் காப்பாற்ற என்னென்ன தெளித்தார்களோ, அதில் ஒரு பங்கு மண்ணுக்குத்தான் போயிருக்கும்.

என்னென்ன தெளித்தார்கள்?

பொதுவாகத் தெரிந்த வரலாறு இருக்கிறது. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும் பங்கசு நோய். அதற்கு மருந்தாகச் செம்பு கலந்த பங்கசுநாசினி வந்தது. மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. செம்பு ஓர் உலோகம். அது மக்கி அழியாது. அடித்ததில் மண்ணுக்குப் போனது மண்ணிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

அடுத்தது வண்டு. தேயிலைத் தண்டில் குண்டூசி அளவு துளை போட்டு, உள்ளே பங்கசு வளர்த்து அதைத் தின்று வாழும் சின்னக் கறுப்பு வண்டு. ஷாட் ஹோல் போரர் என்று பெயர். ஊவாவிலும் மத்திய உயரத் தோட்டங்களிலும் அதன் தொல்லை அதிகம். கொழுந்து பறிக்கும்போது கிளை சடக்கென்று முறிந்தால் நம்ம ஆட்களுக்கு உடனே தெரியும், அந்த வண்டின் வேலை என்று. 1950களின் பிற்பகுதியில் அதைக் கொல்ல டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். டி.டி.டி. போலவே குளோரின் ஏற்றிய நஞ்சு. எளிதில் சிதையாது.

அந்த டீல்ட்ரின் செய்த வேலை பூச்சியியல் படிக்கிற மாணவர்களுக்கு இன்றும் பாடம். அதற்கு முன்பே இலைகளைச் சுருட்டித் தின்னும் டோட்ரிக்ஸ் என்ற புழு ஒன்று இருந்தது. அதை அடக்குவதற்காக 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டிருந்தார்கள். கொழுந்து எடுக்கும்போது நம்மைக் கொட்டுகிற குளவி இல்லை இது. சில மில்லிமீட்டர் நீளம்தான். புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்றுவிடும். ஏறக்குறைய இருபது வருசம் அந்தக் குளவியால் டோட்ரிக்ஸ் அடங்கியே கிடந்தது. வண்டுக்கு அடித்த டீல்ட்ரின் அந்தக் குளவியைக் கொன்றது. டோட்ரிக்ஸ் மறுபடி தோட்டம் தோட்டமாக எழும்பியது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்த கதை. இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்திருக்கச் சொல்லிக் கேட்கிறோம். மண்ணைச் சரிசெய்ய வரும் மருந்துக்கும் இது பொருந்தும்.

பிறகு களைநாசினிகள் வந்தன. கிராமக்சோன் என்று நம்ம ஊரில் சொல்லும் பரகுவாட், டையுரோன், கிளைபோசேட். பரகுவாட்டைக் குடித்துச் செத்தவர்கள் தொகை பெரிதானதால் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தினார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் மாற்றாக அடித்த எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் இருந்ததால் ஜப்பானில் நம்ம தேயிலைக்குச் சிக்கல் வந்தது. தேயிலைத் தூளில் இருக்கும் எச்சத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது, வரம்பு இருக்கிறது. வாங்குகிறவன் கேட்கிறான், அதனால் பார்க்கிறார்கள். லயத்துப் பூசணிக்காயை யார் பார்ப்பது?

பூசணி ஏன் முக்கியம்?

பூசணி என்று சும்மா சொல்லவில்லை. வாசிக்க வாசிக்க எங்களைத் தூக்கிப்போட்ட இடம் இதுதான்.

டீல்ட்ரின், டி.டி.டி. போன்றவை தண்ணீரில் கரைய விரும்பாதவை. எண்ணெய்ச் சாதி. மண்ணில் உள்ள மக்கு மீது ஒட்டிக்கொண்டு கிடக்கும். பயிர் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. தண்ணீரில் இல்லாத ஒன்றை அது எப்படி உறிஞ்சும்? பெரும்பாலான பயிர்களுக்கு இந்த நியாயம் சரிதான். அவற்றின் வேரில் கொஞ்சம் ஒட்டும், மேலே அதிகம் ஏறாது. ஆனால் பூசணிக் குடும்பம் இதற்கு விலக்கு. அமெரிக்காவின் கனெக்டிகட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், டி.டி.டி. சிதைந்து உண்டாகும் பொருளை சுக்கினி என்ற பூசணி வகை வேரிலிருந்து தண்டுக்கு ஏற்றிக்கொண்டு போவதை ஜேசன் வைட்டும் அவருடைய குழுவும் வருடக்கணக்கில் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கான காரணத்தைத் தேடினார்கள். பூசணியின் சாற்றில் ஓடும் ஒருவகைப் புரதம் அந்த எண்ணெய்ச் சாதி நஞ்சைப் பிடித்துச் சுமந்து மேலே கொண்டுபோகிறது என்று கண்டார்கள். பூசணி அதைத் தெரிந்து செய்யவில்லை. அதன் உடம்பு அப்படி.

ஜப்பானில் 1970களிலேயே டீல்ட்ரினை நிறுத்திவிட்டார்கள். 2002இல் தோக்கியோவில் விளைந்த வெள்ளரிக்காயில் வரம்பைத் தாண்டி டீல்ட்ரின் இருந்தது தெரியவந்தது. அடிக்கிறதை நிறுத்தி கால் நூற்றாண்டுக்கு மேல். அடித்தவர்களில் பலர் வயோதிபர்கள் ஆகியிருப்பார்கள். மண் மறக்கவில்லை, வெள்ளரி அதை வெளியே எடுத்துக் காட்டியது.

வெள்ளரி, பூசணி, பாகல், புடோல், சவ்சவ் எல்லாம் ஒரே குடும்பம். எல்லாம் ஒரே அளவில் உறிஞ்சாது. ஒரே பயிரின் வகைக்கு வகைகூட மாறும். ஆனால் லயத்துப் பின்புறத்தில் படர்ந்திருக்கும் பந்தல்களை ஒருமுறை மனசுக்குள் எண்ணிப் பார்த்தால், நாங்கள் ஏன் சிரிப்பை நிறுத்தினோம் என்று விளங்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பாத்தி மண்ணில் நஞ்சு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. வெப்ப நாட்டு மண்ணில் இந்த மருந்துகள் குளிர் நாட்டைவிட வேகமாக ஆவியாகிக் குறையும். அடித்த இடமும் அடிக்காத இடமும் அடுத்தடுத்தே இருக்கும். பயந்து சவ்சவ் பந்தலைப் பிடுங்கி எறிவதற்காக இதை எழுதவில்லை. பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை யாரும் பார்க்கவில்லை என்பதற்காக எழுதுகிறோம்.

சவுக்காரம் என்ன செய்கிறது?

இப்போது அந்தச் சவுக்காரக் கதைக்கு வருவோம். சர்ஃபக்டன்ட் என்று சொல்வது சவுக்காரம், சலவைத்தூள், ஷாம்பு எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தை. அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய்ச் சட்டியைச் சவுக்காரம் கழுவுவது இதனால்தான்.

தோட்டத்தில் இது புதிய சாமான் இல்லை. மருந்தடிக்கிற டேங்கில் களைநாசினியோடு எப்போதும் இது சேர்ந்தே போகிறது. இலை மேல் மெழுகு இருக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றினால் சேம்பிலையில் உருளுகிற மாதிரி உருண்டு விழும். சர்ஃபக்டன்ட் கலந்தால் பரவி ஒட்டி உள்ளே இறங்கும். கிளைபோசேட்டோடு சேர்த்த ஒருவகைச் சர்ஃபக்டன்ட், கிளைபோசேட்டைவிட நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு என்ற கவலை எழுந்து, ஐரோப்பிய ஒன்றியம் அதை 2016இல் கிளைபோசேட் கலவைகளில் தடை செய்தது. பயிருக்குள் மருந்தைத் தள்ளுவதற்குப் பயன்படுத்திய பொருளின் சொந்தக்காரனை, பயிருக்குள் மருந்து போகாமல் தடுக்கப் பயன்படுத்தலாமா? முரண்பாடு மாதிரித்தான் தெரிகிறது.

விடை தலையில் இருக்கிறது. துணி துவைக்கும் சவுக்காரத்தின் தலைக்கு எதிர் மின்னேற்றம். மண்ணிலுள்ள களிக்கும் எதிர் மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் அந்தச் சவுக்காரத்தில் பெரும்பகுதி மண்ணில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நிற்கும். போதிய அளவு சேர்ந்தால் மண்ணில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சாதி நஞ்சையும் கிளப்பித் தண்ணீருக்குக் கொண்டுவரும். கெட்டுப்போன மண்ணைத் தொழிற்சாலை அளவில் கழுவுவதற்கு இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே கழுவிய தண்ணீரைப் பிடித்துச் சுத்திகரிப்பார்கள். பாத்தியில் கழுவினால் அந்தத் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம் வேர்.

இன்னொரு வகைச் சர்ஃபக்டன்டின் தலைக்கு நேர் மின்னேற்றம். தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரிலும், காயம் கழுவும் சவ்லானிலும் இருப்பது இந்த வகைதான். இது மண்ணில் விழுந்ததும் தலை களியில் போய் ஒட்டிக்கொள்ளும். வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கோடிக்கணக்கான வால்கள் சேர்ந்து களித்துகள் மேல் ஓர் எண்ணெய்ப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்த எண்ணெய்ச் சாதி நஞ்சு அந்தப் பாயில் போய்ப் படுத்துக்கொள்ளும். மண் தண்ணீரில் நஞ்சு குறையும். வேருக்குக் கிடைப்பதும் குறையும்.

எங்களில் ஒருவனுடைய பெரியப்பா இருபத்தைந்து வருசம் மருந்தடித்தவர். இதை அவரிடம் விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கிராமக்சோன் எல மேல விழுந்தாத்தான்டா உசுரோட இருக்கும். மண்ணுல விழுந்தா செத்துரும். அடுத்த கெழமையே அதுல வெத போடலாம்" என்றார். அவர் சொன்னது ரசாயனப்படியும் சரி. பரகுவாட்டுக்கும் நேர் மின்னேற்றம். களி அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், வேர் இழுக்க முடியாது. அது அழிந்துபோகவில்லை, கட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் எழுதி வைத்த விசயத்தை மருந்தடித்த ஆள் கண்ணால் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். அவரிடம் இதையெல்லாம் யாரும் இதுவரை கேட்டதில்லை.

சீனாவில் செஜியாங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ லூ, லீஜோங் ஜூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வுதான் நாங்கள் வாசித்தவற்றில் முக்கியமானது. வாகனப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் இருந்து மண்ணில் படியும் எண்ணெய்ச் சாதி மாசுகளை எடுத்துக்கொண்டு, அந்த மண்ணில் நேர் மின்னேற்றச் சர்ஃபக்டன்டுகளைக் கலந்து கீரை வகை ஒன்றை வளர்த்தார்கள். மாசு மண்ணோடு கட்டுப்பட்டது, செடிக்குப் போனது குறைந்தது. நிலத்தைக் கைவிடாமல், பயிரையும் நிறுத்தாமல், சாப்பிடக்கூடிய மரக்கறியை எடுப்பதுதான் நோக்கம். நெருக்கமான சனத்தொகையும் கெட்ட மண்ணும் உள்ள நாட்டில் அது நியாயமான நோக்கம். எங்களுக்கும் அதே தேவைதான். எங்களுக்கு வேறு நிலம் இல்லை.

அப்படியானால் ஊற்றிவிடலாமா?

ஊற்றக்கூடாது. இதை வாசித்துவிட்டு யாரும் கண்டிஷனர் போத்தலோடு பாத்திக்குப் போய்விடாதீர்கள்.

முதல் காரணம் அளவு. குறிப்பிட்ட அளவுவரை சேர்த்தால் சர்ஃபக்டன்ட் மண்ணில் ஒட்டி நஞ்சைப் பிடிக்கும். மண் கொள்ளும் அளவைத் தாண்டினால் மீதி தண்ணீரில் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டைகளுக்குள் நஞ்சு ஏறிக்கொண்டு தண்ணீரோடு நகரும். தடுக்கப் போட்டதே வண்டியாகிவிடும். அந்த அளவு மண்ணுக்கு மண் மாறும்.

இரண்டாவது காரணம் எங்கள் மண். ஊவா மேட்டு நிலத்தில் பரவலாக உள்ளது சிவப்பு மஞ்சள் மண். அதன் களி பெரும்பாலும் கயோலின் வகை. நேர் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் சக்தி அந்தக் களிக்குக் குறைவு. சீனாவில் ஒரு மண்ணுக்குச் சரியாக இருந்த அளவை இங்கே அப்படியே போட்டால், மண் கொள்ளாத மீதி இறங்கிப் போகும். எங்கே போகும்? ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வடகீழ்ப் பருவமழை எங்கள் சரிவுகளில் எப்படி இறங்கும் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு லயத்துப் பாத்திக்குக் கீழே இன்னொரு லயத்துப் பீலி. இந்த வகைச் சர்ஃபக்டன்ட் மீனுக்கும், மண்ணை உயிரோடு வைத்திருக்கும் நுண்ணுயிருக்கும் கெடுதி. காயத்தில் கிருமி கொல்வது மண்ணிலும் கிருமி கொல்லத்தான் செய்யும். ஜாவாக் குளவியின் கதை இங்கேதான் திரும்பவும் நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, உலோகம். செம்பு, உரத்தோடு கலந்து வரும் கட்மியம் இவையெல்லாம் எண்ணெய்ச் சாதி இல்லை. அந்தப் பாயில் அவை படுக்காது. அவற்றைத் தீர்மானிப்பது மண்ணின் புளிப்பு. தேயிலைக்குப் பி.எச். 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண் தேவை. மரக்கறிக்கு அது அதிகப் புளிப்பு. அந்தப் புளிப்பில் உலோகம் எளிதாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலைக்கு டொலமைட் போடுவதைப் பார்த்திருப்போம். பாத்திக்கும் அதே டொலமைட்டை அளவாகப் போட்டுப் புளிப்பைக் குறைத்தால் உலோகம் ஏறுவது குறையும்.

எண்ணெய்ச் சாதி நஞ்சுக்கும் கைக்கெட்டும் வழி இருக்கிறது. சர்ஃபக்டன்டின் வால் செய்கிற வேலையை மக்கும் கரியும் செய்யும். ஜப்பானில் டீல்ட்ரின் பிரச்சினைக்கு அவர்கள் தேடிய தீர்வுகளில் ஒன்று, மண்ணில் செயலூட்டிய கரி கலப்பது. இன்னொன்று, நஞ்சைக் குறைவாக இழுக்கும் வேர்ச்செடியில் வெள்ளரியை ஒட்டுக்கட்டுவது. எங்கள் அடுப்பில் எரிவது கவ்வாத்து மிலாறு. அதன் கரி ஆய்வுகூடக் கரி அளவுக்குப் பிடிக்காது, ஆனாலும் பிடிக்கும். நன்றாக மக்கிய சாணமும் இலைகுழையும் பிடிக்கும். தேயிலை பிடுங்கிய பழைய மூலையில் பூசணி, வெள்ளரிக்குப் பதிலாகப் போஞ்சி போடலாம். பந்தல் கொடிகளை வேறு மண் கொண்டுவந்து நிரப்பிய குழியில் வைக்கலாம். கிழங்கு, கரட் போன்றவற்றை நன்றாகக் கழுவித் தோல் சீவலாம். இவற்றில் எதற்கும் பெரிய காசு வேண்டாம். எதுவும் தண்ணீரையும் கெடுக்காது.

காணி யார் பேர்ல?

இவ்வளவும் வாசித்த பிறகு, மண்ணைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்று எங்களில் மூன்று பேர் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். முதல் கேள்வி: "காணி யார் பேர்ல?" எங்கள் மூவரில் யார் பேரிலும் இல்லை. எங்கள் அப்பா அம்மா பேரிலும் இல்லை. தோட்டத்துக் காணி. அப்படியானால் தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். சாதாரண மண் பரிசோதனையில் புளிப்பும் உரச்சத்தும்தான் பார்ப்பார்கள், பழைய பூச்சிமருந்தைப் பார்க்க வேறு கருவி வேண்டும், செலவும் வேறு என்றும் சொன்னார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை. அக்கா ஒருத்தி மட்டும், "அஞ்சு தலைமுறையா மிதிக்கிற மண்ணு. அதுல என்ன இருக்குன்னு கேக்கிறதுக்கே லெட்டர் வேணும்" என்றாள்.

இந்த விசயத்தின் வேர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறோம். மண்ணில் நஞ்சைக் கட்டிப்போடும் ரசாயனம் உலகத்தில் இருக்கிறது. கரி இருக்கிறது, டொலமைட் இருக்கிறது, ஒட்டுக்கன்று இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது: எந்த மண்ணில் எது, எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆய்வாளர்கள் தங்கள் சோதனைத் தொட்டியில் என்ன கலந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் தொட்டியில் என்ன கலந்தது என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை.

எழுதி வைத்தவர்கள் இருந்திருப்பார்கள். எந்த நம்பர் மலையில், எந்தத் தேதியில், எத்தனை பேர் மருந்தடித்தார்கள் என்பது செக்ரோலுக்கு வேண்டிய கணக்கு. ஆனால் தோட்டங்கள் கைமாறியபடியே இருந்தன. வெள்ளைக்காரக் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கு. அரசிடமிருந்து 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொழுந்துக் கணக்கும் கடன் கணக்கும் கவனமாகப் போய்ச் சேர்ந்தன. மண்ணுக்கு என்ன ஊற்றினோம் என்ற கணக்கைப் பாத்தி போடுகிற சனத்திடம் எந்தக் கையும் தரவில்லை. டீல்ட்ரின் உட்பட்ட நிலைத்த நஞ்சுகளை ஒழிக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை இலங்கை 2005இல் ஏற்றது. அந்தக் கையெழுத்தின் அர்த்தம் புது மருந்து வராமல் தடுப்பது மட்டும்தான் என்றால், பழையது கிடக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அதனால் என்ன பயன்?

இப்போது வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்று பேசுகிறார்கள். சில இடங்களில் கொடுத்தும் இருக்கிறார்கள். உறுதிப்பத்திரம் வேண்டும் என்று நாமும் கேட்கிறோம், கேட்க வேண்டும். மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை இறங்கிய பிறகு, காணி கொடுக்கும் இடத்தில் மண் சரியுமா என்று பார்க்க வேண்டும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது. நாங்கள் கேட்பது அதோடு இன்னும் ஒரு வரி. காணி கொடுக்கும்போது அந்த மண்ணின் வரலாற்றையும் சேர்த்துக் கொடுங்கள். முன்பு என்ன பயிர், என்ன மருந்து, இப்போது என்ன எச்சம். வீடு கட்ட மட்டும் யாரும் 7 பேர்ச் எடுப்பதில்லை. முதல் வாரமே பின்னால் ஒரு பாத்தி விழும்.

நாங்கள் செய்யத் தொடங்கியிருப்பது இரண்டு வேலை. ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவது. தமிழிலேயே எழுதலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் அரச நிறுவனம். தலவாக்கலையில் தலைமையகம், பசறையில் கிளை. 1950களிலும் 60களிலும் ஊவாத் தோட்டங்களுக்கு எந்த மருந்தை எந்த அளவில் பரிந்துரைத்தார்கள் என்பதைக் கேட்கிறோம். குற்றம் சாட்டுவதற்கு இல்லை. அந்தக் காலத்து அறிவுப்படி அவர்கள் செய்திருக்கலாம். எங்களுக்கு வேண்டியது தாள்.

இரண்டாவது, வீட்டுக்கு வீடு போய்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு வரைபடம் போடுவது. எந்த நம்பரில் எப்போது தேயிலை பிடுங்கினார்கள், மருந்து கலக்கிற இடம் எங்கே இருந்தது, வெறும் தகரத்தை எங்கே கழுவினார்கள், எங்கே புதைத்தார்கள். அடிக்கிற நிலத்தைவிட மருந்து கலக்கிய இடத்திலும் தகரம் கழுவிய இடத்திலும்தான் நஞ்சு அதிகமாகச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. காசு கிடைத்து மண்ணைப் பரிசோதிக்கும் நாளில் முதலில் எங்கே தோண்டுவது என்று இந்த வரைபடம் சொல்லும். இதுவரை பதினான்கு வீடு முடிந்திருக்கிறது. பெரியப்பா மட்டும் மூன்று இடம் காட்டியிருக்கிறார். அதில் ஒன்றில் இப்போது பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக் கீரைப் பாத்தி இருக்கிறது. இன்னொன்றில் பூசணி.

உங்கள் தோட்டத்திலும் ஒரு பெரியப்பா இருப்பார். நெஞ்சுச் சளியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள், ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு.